கனம் பார்த்து வாங்கிய பெவலர்

எங்கள் வீட்டில் அப்பாவைக் கேலி செய்ய வேண்டுமென்றால் பெவலர் கதையை எடுத்தால் போதும். தோலில் பூ செதுக்குகிற கருவியை, கலப்பைக்குக் கொழு வாங்குகிற மாதிரி கனம் பார்த்து வாங்கி வந்த மனுஷன் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரிப்போம். அப்பாவும் கூடச் சிரிப்பார். விருந்தாளி யாராவது வந்தால் அவரே கதையை எடுத்துக் கொடுப்பதும் உண்டு.

அதை வாங்கி வரச் சொன்னது அத்தை, அப்பாவின் தங்கை. ஆம்பூர்ப் பக்கம் செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவள், அம்மா இறந்ததும் என்னையும் தம்பியையும் பார்த்துக்கொள்ளப் புதூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கே வந்துவிட்டாள். வரும்போது கொஞ்சம் தோலும் ஒரு கத்தியும் கொண்டு வந்திருந்தாள். மத்தியானச் சோறு முடிந்ததும் போனில் வீடியோ பார்த்துப் பூவும் கொடியும் வெட்டிப் பழகுவாள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் அவள் காதில் விழாது. எனக்கு அந்தத் தோல்மேல் ஆத்திரமாக வரும்.

சென்னையில் தோல்பை செய்கிற ஒருவர், அத்தையை ஒரு பூ செதுக்கி அந்த வாரத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் வேலையும் தங்க இடமும். கோடு வெட்டக் கத்தி போதும். ஆனால் வெட்டிய கோட்டின் வெளிப்பக்கத்தைப் பெவலர் வைத்துத் தட்டி அமுக்கினால்தான் பூ மேலே எழும்பி நிற்கும். அத்தை அதுவரை ஒரு ஆணியைத் தேய்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். பந்தய மாடுகளுக்குக் கழுத்துப்பட்டை செய்கிற கோவில்பட்டிக் கடையொன்றில் பெரிதும் சிறிதுமாக இரண்டு பெவலர் இருப்பதாகத் தெரியவந்தது.

அதை வாங்கப் போகவேண்டிய அன்றைக்கு ஆடு பத்தி மேய்க்க ஆளில்லை. அத்தை ஆட்டோடு நின்றுகொண்டாள். அப்பாவும் நானும் கிளம்பினோம். ஈரத் தோலில்தான் தடம் பதியும் என்று, பூ வெட்டிய ஒரு துண்டை நனைத்துத் துணியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தாள்.

“ரெண்டையும் இதுல தட்டிப் பாருங்கண்ணே. எதுல இதழு நல்லா வருதோ அதை வாங்கிட்டு வாங்க. இரும்பு பாக்க ஒங்களுக்குச் சொல்லியா தரணும்?”

அது உண்மைதான். கொழுவோ அரிவாளோ, அப்பா சுண்டிப் பார்த்துச் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

பஸ்ஸில் அப்பா திடீரென்று கேட்டார். “ஏட்டி, அத்தை மெட்ராசுக்குப் போயிட்டான்னா நீ என்ன செய்வே?”

“நானும் கூடப் போயிருவேன்.”

“தம்பி?”

“அவனையும் கூட்டிட்டுப் போயிருவோம்.”

“அப்ப நான்?”

“நீங்க ஆட்டைப் பாத்துக்கோங்க” என்றேன். அவர் சிரித்தார். பதில் சொல்லிவிட்ட பெருமையில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைக்காரர் இரண்டு பெவலரையும் ஒரு மரச்சுத்தியையும் எடுத்து வைத்தார். அப்பா பெரியதால் ஓர் இதழின் ஓரத்தைத் தட்டினார். வளைவு நசுங்கிப் போயிற்று. சிறியதால் பக்கத்து இதழைத் தட்டினார். அது வளைவு கெடாமல் அப்படியே எழும்பி நின்றது. பெருவிரலால் அதை ஒன்றுக்கு இரண்டு தரம் தடவிப் பார்த்தார். பிறகு பெரியதை மறுபடி எடுத்து, எழும்பி நின்ற அந்த இதழின் மேலேயே ஒரு தட்டு தட்டினார்.

“இதையே குடுங்க அண்ணாச்சி.”

“பூவேலைக்குன்னா சின்னதுல்லா தோதா இருக்கும்?”

“இதுதான் கனமா இருக்கு” என்றார் அப்பா.

அத்தை அதைக் கையில் வாங்கியதும் முகம் வாடிவிட்டது. துண்டைப் பார்த்தாள், தட்டிய இரண்டு இதழும் ஒன்றுபோல நசுங்கியிருந்தன. கடைக்குப் போன் போட்டாள். சிறியதை ஓட்டப்பிடாரத்துக்காரர் ஒருவர் அதற்குள் வாங்கிப் போய்விட்டாராம். “அண்ணனுக்குக் கொழு வாங்குத நெனப்பு” என்று சிரிக்கப் பார்த்தாள். கதை அன்று தொடங்கியதுதான்.

இருக்கிற பெவலரை வைத்தே இரண்டு நாள் மல்லுக்கட்டி ஒரு பூவை அனுப்பினாள். சென்னையிலிருந்து போன் வரவில்லை. பழையபடி எனக்குத் தலை பின்னிவிட்டாள். தம்பிக்குச் சோறு ஊட்டினாள். தோலையும் கத்தியையும் பரணில் போட்டுவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் பள்ளிக்கூடம் முடித்த பிறகுதான் குளத்தூரில் அவளுக்குக் கல்யாணம் ஆனது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு நடுவே அந்தப் பெவலர் கிடந்தது. “ஒங்கப்பா வாங்கின கொழு” என்று எடுத்துக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரிக்கப் போனேன், முடியவில்லை. அப்பாவின் கை இரும்பில் ஒருநாளும் தப்புப் பண்ணியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் எதைச் சொல்ல? டிராயரை மூடினேன்.

அன்று கடையில் அவர் மறுபடி தட்டியபோது, இன்னொரு தரம் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நன்றாக வந்த இதழை அவர் அழிக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் நான் சொன்ன பதிலைக் கேட்டுப் பயந்துபோன மனுஷன் அவர் என்பதும் தெரியவில்லை.