மனோரஞ்சிதம் மஞ்சளாகும்வரை

எங்கள் வீட்டு மனோரஞ்சிதம் ஹாலில் நிற்கிறது. மண்ணில் நட வேண்டிய செடியை மூன்றாவது மாடியில் கூரைக்குக் கீழே வளர்ப்பதற்குப் பாம்புதான் காரணம். பாம்பு வரவில்லை, வரும் என்றார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலோரமாக நடுவதற்கு இடம் கேட்டோம். இன்ஜினீயர், டாக்டர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று படித்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். அந்த வாசத்துக்குப் பாம்பு தேடிக்கொண்டு வருமாம். பாம்புக்குக்கூடத் தெரிகிற வாசம் எனக்குத் தெரியவில்லையே என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டே படியேறினேன்.

கொரோனாக் காய்ச்சலில் எனக்கும் என் கணவருக்கும் ஒரே வாரத்தில் வாசனை போயிற்று. ஒரு மாதம் கழித்து ஒரு காலை, காப்பித் தம்ளரை மூக்கருகே பிடித்தபடி, "ஏளா, எனக்கு வந்திட்டு" என்றார் அவர். எனக்கு வரவில்லை. மாதங்கள் போயின. டாக்டர்கள் பொறுத்திருக்கச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். மூடிய குப்பிக்குள் இருப்பது என்ன என்று மூடியைத் திறந்த நொடியில் சொல்லிவிடுகிறவள், "என்ன வாசம் வருது, சொல்லுங்க பார்ப்போம்" என்று பிள்ளைகளைச் சோதிப்பதுபோலக் கேட்டு ஒப்பேற்றினேன். சாப்பாடு உப்பும் புளிப்பும் உறைப்புமாகச் சுருங்கியது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். துவைக்கப் போடுமுன் அவர் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்ப்பேன். வெறும் துணியாக இருக்கும். முப்பது வருஷம் கூட இருந்த மனிதரில் பாதியைக் காணோம் என்று அழுகை வரும்.

வீட்டில் அவர் மூக்குதான் எனக்கும் மூக்கு. பால் கெட்டுவிட்டதா, நேற்று வைத்த குழம்பு தேறுமா, எல்லாம் அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக, கேஸ். காலையில் அடுப்பைப் பற்றவைக்குமுன் கூப்பிடுவேன். அடுக்களை வாசலில் வந்து நின்று மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லை, பத்த வை" என்பார். அதற்குப் பிறகுதான் நான் லைட்டரைத் தொடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் ஆட்டோவில் இந்தச் செடியோடு வந்து இறங்கினார். நினைத்த பழத்தின் மணம் மனோரஞ்சிதப் பூவில் வரும் என்பது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது. "ஏதாவது ஒரு வாசம் வந்தாப் போதும்லா உனக்கு? இது எல்லா வாசமும் தரும்" என்றார். பழங்களில் இருக்கும் சில பொருள்கள் இந்தப் பூவிலும் இருக்கின்றன, மூக்கு திகைக்கும்போது மனம் ஏதோ ஒரு பழத்தின் பேரைச் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான் என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொன்னவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. எனக்கும் ஆசை இருந்தது.

மதிலோரம் இடமில்லை என்றானதும் கிழக்கு ஜன்னலை அதற்கு ஒதுக்கினார். முக்கூடலில் அவர் தம்பி வயலிலிருந்து ஒரு சாக்கு மண் வந்தது. அதோடு சாணி உரமும் தேங்காய் நாரும் கலந்தார். வீட்டுக்குள் வளரும் செடியைத் தண்ணீர்தான் கொல்லும் என்பதைப் பழைய செடி ஒன்றைச் சாகவிட்டுக் கற்றிருந்தார். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டவில்லை என்றால்தான் ஊற்றுவார். வெயில் எல்லாப் பக்கமும் பட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் தொட்டியைக் கால்வாசி திருப்பி வைப்பார். மழை படாத இலையில் தூசி தங்கும். அதை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். என் மூக்குக்கண்ணாடியை ஒரு நாளாவது அப்படித் துடைத்துத் தந்திருக்கிறாரா என்று கேட்டிருக்கிறேன். கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியது. மாவுப்பூச்சி வந்தது. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை அடித்தார். பூ மட்டும் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, இலையோடு இலையாக ஒரு பூ. காம்பு கொக்கிபோல் வளைந்திருந்தது, இதழ் நல்ல பச்சை. "ஏளா, பைய வா, இங்கன வந்து பாரு" என்று கூப்பிட்டார். கோயில் வாசலில் பூக்காரியிடம் வாங்கித்தான் பழக்கமே தவிர, நாங்கள் இருவரும் இந்தப் பூவைச் செடியில் பார்த்ததில்லை.

"கண்ணை மூடிக்கோ. ஒரு பழத்தை நினைச்சுக்கோ."

நினைத்தேன். முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு வருஷம் இலை துடைத்த மனிதரிடம் எப்படிச் சொல்ல? "மாம்பழம்" என்றேன். நினைத்ததெல்லாம் மணக்கும் பூ. எந்தப் பழத்தைச் சொன்னாலும் சரியான விடைதான், யாரும் என்னைப் பிடிக்க முடியாது. அவர் கண் கலங்கிவிட்டது. தானும் குனிந்து முகர்ந்து, "எனக்குப் பலாப்பழம்" என்றார். அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் இருவரும் பூவுக்கு முன்னால் நின்றோம். நான் கொய்யா என்றேன், அவர் வாழை என்றார். பொய் சொல்லிவிட்டு அவரோடு சேர்ந்து சிரிப்பது கஷ்டமாக இருந்தது.

அந்த வாரம்தான் ஆழ்வார்திருநகரியிலிருந்து அவர் தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "என்ன மதினி, வீடெல்லாம் இப்படி வேப்பெண்ணெய் நாறுது? எப்படி உள்ள இருக்கீங்க?" என்றாள். முதல்நாள்தான் அடித்திருந்தார். எனக்குத் தெரியாதது சரி. அவருக்கு ஏன் தெரியவில்லை? யோசிப்பதற்குள் அவர் பெருமையாகத் தங்கையைப் பூவிடம் கூட்டிக்கொண்டு போனார். "மோந்து பாரு. உங்க மதினிக்கு மாம்பழ வாசம் வந்திட்டு. எனக்குப் பலாப்பழம்."

அவள் முகர்ந்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணே, இது பச்சைப் பூவுல்லா? இதுல ஒரு வாசமும் கிடையாது. எங்க கிணத்தடியில நிக்கே, எனக்குத் தெரியாதா? மஞ்சளாப் பழுத்தாத்தான் மணக்கும். ரெண்டு பேரும் என்னத்தை மோந்தீங்க?"

நான் காப்பி போட உள்ளே போனேன். அடுப்பின் முன் நின்றேன். பற்றவைக்கக் கை வரவில்லை. அவளையே கூப்பிட்டு, கேஸ் வாசம் ஏதும் வருகிறதா என்று கேட்டேன்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு அவர் திரும்பி வந்ததும் கேட்டேன். "எப்ப இருந்து?"

"வரவே இல்லை ளா."

"உங்க மூக்கை நம்பித்தானே தினமும் அடுப்பு பத்த வச்சேன்? ரெண்டு பேரும் எரிஞ்சு போயிருந்தா?"

"சிலிண்டர் வால்வைத் தினமும் மூடி வச்சுதான் படுப்பேன். காலையிலயும் பார்த்திட்டுதான் சொல்லுவேன்." தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு பேருக்குமே போயிட்டுன்னா யாரு யாருக்குத் தைரியம் சொல்ல?"

எனக்குக் கோபம் ஆறவில்லை. நானும் பொய் சொன்னவள்தான் என்பது கோபத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாரே ஒழிய அதன் பக்கத்தில் நிற்கவில்லை. பூவிலும் அடுக்களையிலும் தினசரி வாசம் பார்ப்பது நின்றுபோனது.

மூன்றாம் நாள் காலை ஜன்னலைத் திறக்கப் போனேன். பூ மஞ்சளாகியிருந்தது. நான் எதையும் நினைக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. ஜன்னல் கொக்கியை எடுக்கும்போது மூக்கில் ஏதோ பட்டது. மெல்லிசாக, இனிப்பாக, கொஞ்சம் அதிகமாகக் கனிந்துவிட்டதுபோல. விலகினேன், போய்விட்டது. கிட்டே வந்தேன், இருந்தது. கோபத்தை மறந்து அவரைக் கத்திக் கூப்பிட்டேன்.

"எனக்கு மணக்குது."

அவர் வந்தார். "என்ன பழம்?"

"பேரு சொல்லத் தெரியலை."

"ஏன், மாம்பழம் இல்லையா?" என்று சிரித்தார். வருத்தமான சிரிப்பு. "எனக்காகச் சொல்லாண்டாம் ளா. அதெல்லாம் போதும்."

எத்தனை சொல்லியும் நம்பவில்லை. ஆத்திரத்தில், "அப்ப சோதிச்சுப் பாருங்க" என்றேன். செடியிடம் போனார். பிறகு இரண்டு வருஷம் காத்து வளர்த்த அந்த ஒரே பூவைக் கிள்ளினார். கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மூடிய இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார்.

முகர்ந்தேன். "வலது கை." திறந்தார். பூ இருந்தது. "சும்மா சொன்னது சரியாப் போச்சு" என்றார். மறுபடி மறைத்தார். "இடது கை." இருந்தது. அவர் முகம் மாறியது. மூன்றாம் தடவை நீட்டினார். முகர்ந்துவிட்டு நான் திகைத்தேன். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, மறுபடியும் முதல் கைக்கு என்று போய்வந்தேன்.

"எந்தக் கை?"

"ரெண்டு கையும் மணக்குது" என்றேன்.

கைகளைத் திறந்தார். ஒன்றில் பூ, நசுங்கியிருந்தது. மற்றது வெறுங்கை. அந்த வெறுங்கையைத் தன் மூக்கில் வைத்து நெடுநேரம் இழுத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நம்பினார். கையை என்னிடமே திரும்ப நீட்டினார். அதைப் பிடித்து முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் கை கழுவவில்லை. ஸ்பூன் கேட்டார்.