மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு ஒரு கோடு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறியவர் அப்பா. மதுரைக்குப் போகவேண்டிய மேலதிகாரிக்குக் காய்ச்சல் வந்துவிட, அவருக்குப் பதிலாக அப்பாவை அனுப்பினார்கள். மந்தைவெளியில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. எனக்குப் பத்து வயது. பறக்கப்போகிறவள் நானே என்பதுபோல் டாக்சியைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன சிறிது நேரத்தில் சைதாப்பேட்டையிலிருந்து பிள்ளை வீட்டு ஆள் வந்தது. அப்பாவின் தங்கையை அன்று மாலையே பெண் பார்க்க வருகிறார்களாம். மறுநாள் ஆடி பிறக்கிறது. விட்டால் ஒரு மாதம் தள்ளிப்போகும். பெண்ணைத்தானே பார்க்கப்போகிறோம், அண்ணன் ஊரில் இல்லாவிட்டால் என்ன என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

அம்மாவுக்குக் கை ஓடவில்லை. வீடு போட்டது போட்டபடி கிடந்தது. ஊருக்குக் கிளம்பியவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்குவதோ கழுவுவதோ எங்கள் வீட்டில் கிடையாது. ரயில் என்றால் மறுநாள் காலைவரை துடைப்பத்தைத் தொடமாட்டாள். விமானத்துக்கு என்ன கணக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கணக்குல புலின்னு பீத்திண்டியே, சொல்லுடி. அப்பா எப்போ போய்ச் சேருவார்? நாழியாகும்னா இன்னிக்கு வேண்டாம்னு சொல்லியனுப்பிடறேன்."

இவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. கூடத்தில் அட்லஸை விரித்து, ஸ்கேலை வைத்து, மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு நேராகக் கோடு இழுத்தேன். விமானத்தின் வேகத்தை அப்பா முந்தின நாளே ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். வகுத்தேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்!

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா காதில் விழாதபடி கேட்டாள்: "நடுவுல திருச்சியில எறங்கிட்டுப் போகும்பாளே. இன்னும் கொஞ்சம் கூடப் போட்டுப் பாரேன்."

"அது என்ன பாசஞ்சர் வண்டியா, நின்னு நின்னு போறதுக்கு? ஏரோப்ளேன் அத்தே!"

"காத்து எதிர்த்து அடிச்சா லேட்டாகுமோல்லியோ?"

நான் அதற்குள் சமையலறைக்கு ஓடியிருந்தேன். "அப்பா சாப்பாட்டு வேளைக்கெல்லாம் மதுரையில இருப்பார். பெருக்கலாம்!"

அம்மா பெருக்கினாள். நான் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டினேன். வந்தவர்கள் பஜ்ஜியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எழுந்திருக்குமுன்பே சம்மதமும் சொல்லிவிட்டார்கள்.

அப்பா திரும்பி வந்ததும் விமானக் கதை கேட்க எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். விமானம் திருச்சியில் இறங்கி, வெகுநேரம் நின்றுதான் கிளம்பியதாம். நாங்கள் வீடு கழுவியபோது அவர் பாதி வழியில் இருந்திருக்கிறார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை என்னைக் கேலி செய்யப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். அண்ணனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்துத்தான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. புடவையைப் பிடித்து இழுத்துச் சமாதானம் சொன்னேன்: "அதான் அப்பா பத்திரமா வந்துட்டாரே அத்தே."