பெரியப்பா வண்டியின் பானட்டுக்குள்ளே

கண்ணுகளா, பெரியப்பாவின் இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் பெரியம்மா எனக்கென்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். சொந்தபந்தம் எல்லோரும் படிக்கப்போவது. இருந்தாலும் உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். "வண்டி புதுசாட்டம் இருக்குது, நீங்க ஏம்ப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?" என்று அன்றைக்குக் கேட்டீர்கள். அதற்கான பதில் இது.

உங்கள் பெரியப்பா மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில் பிறந்தவர். எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரவள்ளிக் காட்டில் இறங்கினார். என்னை மட்டும் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் வேலைக்குச் சேர்த்துவிட்டார். மிளகு நன்றாக விளைந்த ஒரு வருசம், எஸ்டேட்காரர் ஒருவர் கைவிட்ட பழைய காரை வாங்கினார். அன்றிலிருந்து சுற்றுப்பட்ட ஊர்களில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் அந்தக் கார்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. கூலி என்று வாய் திறந்து கேட்டதில்லை. பின்சீட்டில் இருக்கும் பெண் திடுக்கிடுவாள் என்று ஹாரனைக்கூட மெதுவாக அடிப்பாராம். ஹாரனை எப்படி மெதுவாக அடிப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒரு தடவை நான், "அண்ணா, வண்டியைக் கொண்டாங்க, உள்ளும் புறமும் புதுசாக்கித் தாரேன்" என்றேன்.

"வெளிய என்ன வேணா அடிச்சுக்கோ சாமி. பானட்டுக்குள்ள மட்டும் கை வெக்க வேண்டாம்" என்றார்.

தொழில்காரன் அல்லவா, எனக்குச் சுருக்கென்றது. என் கைமேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கடைசி நாட்களில் அவருக்கு மூச்சு வாங்கியது. அப்போதும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பார். அவர் போன பிறகு வண்டி சும்மா நின்றது. வருசம் திரும்புவதற்குள் அதை அசலாக்கி வாசலில் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெளியே பெயிண்ட் அடிக்கப்போகிறேன் என்று மட்டும் பெரியம்மாவிடம் சொல்லி, பட்டறைக்கு இறக்கிக் கொண்டுவந்தேன். உள்ளே அடிப்பதைச் சொல்லவில்லை. பார்த்ததும் அசந்துபோகட்டும் என்று நினைத்தேன்.

என்ஜினுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவே இருக்கும் தடுப்புத் தகடு முழுக்க எண்ணெயும் கரியும். அதற்கடியில் பொரிப்பொரியாகப் பழுப்புத் திட்டுகள். துரு என்றே முடிவுகட்டி, பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டினேன். பேட்டரித் தட்டைக் கழற்றியபோது, கையும் வெயிலும் படாத இடத்தில் கம்பெனி அடித்த நிறம் கிடைத்தது. மங்கிய சாம்பல் நீலம். உள்பக்கம்தானே என்று கம்பெனிக்காரன் மெருகு ஏற்றாமல் விட்டிருந்தான். டின் மூடிகளில் கலவையை மாற்றி மாற்றி அடித்து, காயவிட்டு, வெயிலில் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஈரத்தில் ஒத்துப்போன நிறம் காய்ந்ததும் மாறிவிடும். திரும்பவும் கலப்பேன்.

"கண்ணாடியாட்டம் பளபளன்னு அடிச்சு உடு மாப்ளே. எவன் பானட்டைத் தூக்கிப் பாக்கப் போறான்?" என்று பட்டறையில் கேலி செய்தார்கள். நான் கேட்கவில்லை. ரேடியேட்டர் தகட்டுக்கு அரைப் பளபளப்புக் கறுப்பு. போல்ட்டுகளுக்குப் பெயிண்டே கிடையாது. தடுப்புத் தகட்டுக்கு அந்த மங்கிய நீலம்தான். என் வேலையிலேயே அதுபோல ஒன்று செய்ததில்லை என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டுதான் மலையேறினேன்.

வண்டி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, திண்ணனூர் நாட்டிலிருந்து ஒரு அம்மா, தன் மகளையும் மகளின் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கிண்ணம் நிறையக் குழைத்த மஞ்சள். "பானட்டைத் தொறக்கச் சொல்லுங்க. எம்பட பொண்ணு பொறந்தப்ப வெச்ச பொட்டுக்குப் பக்கத்துல பேரனுக்கும் ஒண்ணு வெக்கோணும்" என்றார்.

பெருமையாகத் திறந்தேன். அவர் குனிந்து பார்த்தார். ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்தும் பார்த்தார்.

"ஏனுங்க, இது அந்த வண்டிதானுங்களா?"

பெரியம்மா அப்போதுதான் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரிந்தது. பிள்ளையோடு மலையேறி வரும் ஒவ்வொரு தாயும் தன் வீட்டுக்குள் போகும் முன் அந்தத் தகட்டில் ஒரு மஞ்சள் பொட்டு வைப்பாளாம். வெளியே வைத்தால் மழை கழுவிவிடும் என்று பெரியப்பாதான் உள்ளே வைக்கச் சொன்னாராம். எண்ணெயும் சூடும் பட்டுப் பழுப்பாகிப்போன அந்தப் பொட்டுகளைத்தான் நான் சுரண்டியிருக்கிறேன்.

"துருன்னு நெனச்சுட்டேங்க" என்றேன்.

"துருவா? எங்க புள்ளைங்களைத் துருங்கறாரு பாரு!" என்று அந்த அம்மா சிரித்தார். சிரித்த முகம் சட்டென்று வாடிவிட்டது.

பெரியம்மா திட்டவில்லை. "உள்ள அடிக்க வேண்டாம்னு உங்க அண்ணன் சொன்னாருல்லீங்க, தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள். கண்ணுகளா, நீங்கள் வந்து என்னைப் பார்த்தது அந்த நேரம்தான்.

அந்த அம்மாவின் மகள் கட்டைவிரலை மஞ்சளில் தோய்த்துத் தகட்டில் அழுத்தினாள். தொழில் பழக்கம், என் கை தோளில் கிடந்த துணியைத் துடைக்க எடுத்துவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். மெருகு ஏற்றாத பெயிண்ட் மஞ்சளை அப்படியே குடித்துக்கொண்டது. பளபளப்பாக அடித்திருந்தால் ஒரே துடைப்பில் போயிருக்கும். இனி யார் துடைத்தாலும் அது போகாது. அவ்வளவு பெரிய தகட்டில் அது ஒன்று மட்டும் இருக்கிறது. சுற்றிலும் வெறுமையாகக் கிடப்பது முழுக்க என் வேலை.

பெரியப்பா படுத்திருந்த நாட்களில் மாற்றி மாற்றிப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், கேலி செய்தாலும் கூட நின்று வேலை பார்த்த பட்டறைக்காரர்களுக்கும் என் கும்பிடு. அந்த வண்டியில் இறங்கி, பிள்ளையோடு ஏறி வந்த தாய்மார்கள் வருசத் திதிக்கு அவசியம் வர வேண்டும். பானட்டைத் திறந்தே வைத்திருப்பேன். உங்கள் பொட்டு எந்த இடத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கண்ணுகளா, திதியன்றைக்கு என் தோளில் துணி கிடந்தால் எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள்.