வருடங்கள் மட்டும் நகர்ந்த அட்டவணை

வகுப்பறைச் சுவரில் விழுந்த அந்த வண்ண வரிகளை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். பச்சை பாண்டியர், மஞ்சள் நாயக்கர், சிவப்பு கும்பெனி. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்தினேன். பிள்ளைகள் வருடங்களை மனப்பாடம் செய்தார்கள், எழுதினார்கள், மறந்தார்கள். என் கடைசி வருடத்தில் கணினி ஆசிரியை, கம்ப்யூட்டர் அட்டவணை ஒன்றில் மதுரையின் காலக்கோட்டை அமைத்தார். இடப்பக்கம் வருடம், பக்கத்தில் நிகழ்ச்சி, ஆட்சிக்கு ஒரு நிறம்; மொத்தம் நாற்பத்தொரு வரி. அதைப் புரொஜெக்டரில் காட்டியபோது, எது எதற்குப் பின்னால் வந்தது என்பதை அறுபத்து மூன்று பிள்ளைகளும் கண்ணாலேயே பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

அவர் தற்காலிக ஆசிரியை. செல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா படுத்துவிட்டதால் வீடு அவர் வேலையை நம்பி நின்றது. கல்வி அதிகாரி வந்து வகுப்பைப் பார்க்கட்டும், அவர் சொல்வதை வைத்து அடுத்த வருடம் வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்கிறோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், எனக்கு வகுப்பில்லாத ஐந்தாவது பீரியடில், ஆசிரியர் அறைக் கணினியில் அந்த அட்டவணையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வரிகள் ஒழுங்காக இருந்தன. மூன்று மட்டும், இடம் மாறி, 1947-க்குக் கீழே கிடந்தன. கடைசியில் கிடந்தது மகால் கட்டிய வருடம். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வரிசைப்படுத்த எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அவரே எனக்குக் காட்டியிருந்தார். வருடங்கள் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். பக்கத்துப் பத்தியையும் சேர்க்கவா என்று கணினி ஏதோ கேட்டது. சரியாகப் படிக்காமல் தள்ளிவிட்டேன். வருடங்கள் ஒழுங்காக நின்றன. எண்ணினேன், நாற்பத்தொன்று. சேமித்துவிட்டு எழுந்தேன். நிகழ்ச்சிகள் அசையாமல் அதே இடத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை.

அந்த மூன்றையும் அவர் வேண்டுமென்றே கீழே விட்டிருந்தார் என்பது மறுநாள் வகுப்பில்தான் தெரிந்தது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பட்டனை அழுத்தச் சொல்லி, மூன்றும் தம் நிறத்தோடு போய்ச் சேருவதைக் காட்ட நினைத்திருக்கிறார். அப்படிச் சொல்லிக்கொண்டே சுவரைத் திரும்பிப் பார்த்தார். சுதந்திரத்துக்கு நேராக 1801 இருந்தது. மகாலுக்கு நேராக 1947.

"ஏம்மா, சுதந்திரம் வாங்குன பெறகுதான் திருமலை நாயக்கரு மகால் கட்டுனாராக்கும்?" என்றார் அதிகாரி. பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, முந்தின நாள் படிக்காமல் தள்ளிவிட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

முந்தின நாள் ஒத்திகை பார்த்தபோது தானே கலைத்துவிட்டதாக ஆசிரியை நினைத்தார். தலைமையாசிரியரிடமும் அதையே சொன்னார். ஜூனில் அவர் இல்லை.

பதினான்கு வருடம் கழித்து, போன மாதம் பழங்காநத்தத்தில் ஒரு இன்டர்நெட் கடையில் ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்று பதியப் போனேன். கணினிக்குப் பின்னால் அவர். என் ஓய்வூதிய எண்ணை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தார். பின்னால் நின்ற ஒருவன், "அக்கா, எம்புட்டு நேரந்தான் பாப்பீங்க?" என்று அலுத்துக்கொண்டான். அவன் வேலையையும் அவர் முடித்து அனுப்பும்வரை நான் நகரவில்லை. வேறு பள்ளிக்கு முயற்சி செய்யவில்லையா என்று கேட்டேன்.

"ரெண்டு எடத்துல கூப்பிட்டாங்க சார். போகல. புள்ளைங்க முன்னாடி மறுபடி தப்பு வந்துருச்சுன்னா? என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல சார்."

அப்போதுதான் சொன்னேன். ஐந்தாவது பீரியட், நான் அழுத்திய பட்டன், படிக்காமல் தள்ளிவிட்ட கேள்வி, எல்லாவற்றையும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு எச்.எம். ரூம் வரைக்கும் என்கூடவே நடந்து வந்தீங்களே சார்?"

வந்தேன். வகுப்பு வாசலிலிருந்து அந்த அறை வாசல்வரை அறுபத்திரண்டு அடி. அன்றைக்கே எண்ணினேன்.