கைக்குள் ஒரு ஃபியூஸ்

என் தங்கையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக்கு என்றால்தான் தெரியும். சின்னவர்கள் மரியாதையாக மைக்கக்கா என்பார்கள். ஊர்வலம், கூட்டம் என்று எது நடந்தாலும் ஒலிபெருக்கி கட்டிய தன் வண்டியை வாடகைக்குக் கொண்டு போகிறவள் அவள். வண்டி ஓட்டுவதும் அவள், அறிவிப்புச் சொல்வதும் அவள். எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று பார்க்க மாட்டாள். போலீஸ் கொடுத்த அனுமதித் தாள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். தாள் கைக்கு வராமல் வண்டி வாசலைத் தாண்டாது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு வெல்டிங் பட்டறை வைத்தவன். வண்டிக் கூரையில் நான்கு கூம்பு ஒலிபெருக்கிகளைத் தாங்கும் இரும்புக் கூடு நான் செய்தது. இன்றுவரை ஒரு பற்றவைப்புகூட விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த வண்டிக்குப் பெயர் வந்தது என் கூட்டினால் அல்ல, அவள் ஒழுங்கினால். எந்த அனுமதியிலும் ஒரு நிபந்தனை தவறாமல் இருக்கும்: ஆஸ்பத்திரி வாசலில் ஒலிபெருக்கி ஒலிக்கக் கூடாது. மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போவார்கள். இவள் ஆஸ்பத்திரிச் சுவர் தொடங்கும்போதே ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள்.

"சுவிட்சை யார் கையும் தட்டிடும், அண்ணே. ஃபியூஸ் என் கையில இருந்தா ஒரு ஈகூடப் பாட முடியாது" என்பாள்.

போன வருஷம் தையல் ஆலைப் பெண்கள் ஊர்வலம் போனார்கள். வேலை நேரத்தில் ஆலையின் பின்கதவைப் பூட்டி வைக்கிறார்கள், தீப்பிடித்தால் எங்கே ஓடுவது, கதவைத் திறந்து வையுங்கள் என்பதுதான் கோரிக்கை. தொழிலாளர் அலுவலகம் வரை போய் மனுக் கொடுக்க அனுமதி. அன்று அவள் உதவியாளுக்குக் காய்ச்சல் என்பதால் பேட்டரியைப் பார்த்துக்கொள்ள நான் வண்டியில் ஏறினேன்.

புறப்படும் இடத்தில் இன்ஸ்பெக்டர் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு சத்தம் கேட்டுச்சுன்னா வண்டி நேரா ஸ்டேஷனுக்குத்தான். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"நான் அழுதா நாலு தெருவுக்குக் கேக்கும் சார், அதனால அழ மாட்டேன்" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஊர்வலம் ஒழுங்காகத்தான் போனது. நடுவில் ஏதோ பெரிய அதிகாரியின் கார்கள் போக வேண்டும் என்று ஒரு சந்திப்பில் நிறுத்தினார்கள். அந்த நிறுத்தத்தில் போனது நேரம். வண்டி ஆஸ்பத்திரித் தெருவுக்குள் நுழைந்து, அவள் ஃபியூஸைக் கழற்றியபோது அனுமதி நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. ஆஸ்பத்திரி வாசலுக்கு நேராக வந்ததும் வண்டி நின்றது. எதிரே இரும்புத் தடுப்புகள்; நேரம் முடியப் போகிறது, இதற்கு மேல் விட முடியாது என்று வழியை அடைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் தலைக்கவசமும் கேடயமுமாகப் போலீஸ் வரிசை. வலது பக்கம் ஆஸ்பத்திரிச் சுவர். இடது பக்கம் ஒரே ஒரு குறுக்குத் தெரு, அதன் வாயை அடைத்தபடி போலீஸ் பஸ். பின்னால் வந்த பெண்களுக்கு முன்னால் நின்றது தெரியாது. அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

வண்டிக்கு முன்னால் நடந்த முன்வரிசைப் பெண்கள் தடுப்பில் நெஞ்சு அழுந்த நின்றார்கள். "தள்ளாதீங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள். அது பத்தடிகூடப் போகவில்லை. எங்கிருந்தோ ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து ஒரு கேடயத்தில் பட்டது. போலீஸ் வரிசை முழுவதும் முகக் கண்ணாடியைக் கீழே இறக்கியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் கைமைக்கைத் தூக்கிக் கலைந்து போகச் சொன்னார். அது பூனை மாதிரி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு எங்கள் வண்டியின் படியில் ஏறினார்.

"மைக்கக் குடு. கலைஞ்சு போகச் சொல்லணும்."

"காலையில நீங்கதானே சார் இங்க சத்தம் கூடாதுன்னு சொன்னீங்க?"

"இப்ப நானே சொல்றேன், போடு."

அவர் கையே நீண்டு சுவிட்சைத் தட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. தங்கை வலது கையை மூடியபடி மடியில் வைத்திருந்தாள்.

சங்கத் தலைவி ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தாள். ஆலையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள், குரல் மட்டும் அரம். "மைக்கு, குடுக்காதே! எச்சரிக்கை குடுத்துட்டோம்னு சொல்லி அடிக்கத்தான் கேக்கறாங்க. குடுத்தா நீ அவங்க ஆளு, சொல்லிட்டேன்!"

அவள் சொன்னதில் தப்பில்லை. கலையச் சொல்லி, எல்லோர் காதிலும் விழுந்து, அதற்கு மேலும் நின்றால் அடிக்கலாம். ஆனால் அறிவிப்பே இல்லை என்றாலும் அந்த வரிசை அங்கே நின்றுகொண்டே இருக்கப் போவதில்லை. கொடுத்தாலும் அடி, கொடுக்காவிட்டாலும் அடி. "பாப்பா, குடுத்துடு. வண்டி போச்சுன்னா சோத்துக்கு என்ன பண்ணுவே?" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், கலைஞ்சு போங்கன்னு சொன்னா எந்தப் பக்கம் போவாங்க?"

"வந்த வழியே போகட்டும்."

"வந்த வழியில இன்னும் வந்துகிட்டு இருக்காங்க. வண்டிக் கண்ணாடியில பாருங்க. அந்தப் பஸ்ஸ எடுங்க சார். பஸ் நகர்ந்ததும் மைக்கு உங்க கையில. இது நான் குடுக்கற வாக்கு."

"என்கிட்டயே பேரம் பேசறியா? வண்டிய இப்பவே எடுத்துடுவேன்."

"எடுங்க. ஆனா வண்டி பேசாது சார்." மூடிய கையை லேசாக உயர்த்திக் காட்டினாள். "இவங்க ஒரு பூட்டின கதவத் திறங்கன்னு கேக்கத்தான் வந்தாங்க. இங்க நீங்க இன்னொண்ணு பூட்டி வச்சிருக்கீங்க."

அவர் முகம் சிவந்தது. அடி என் தங்கைக்கு விழப்போகிறது என்று நான் பேட்டரியை விட்டு எழுந்துவிட்டேன். அதற்குள் முன்னால் ஒரு பெண் மயங்கிச் சரிந்தாள். சரிய இடமில்லாமல் மற்றவர்கள் தோளிலேயே தொங்கினாள். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். கண்ணாடியில் பின்பக்கத்தையும் பார்த்தார். படியிலிருந்தே கத்தினார்.

"பஸ்ஸ எடுய்யா!"

பஸ் நகரவில்லை. டிரைவர் இருக்கையில் ஆளே இல்லை. டீ குடிக்கப் போயிருக்கிறான். "எவன்டா அவனுக்கு இப்ப டீ வாங்கிக் குடுத்தது?" என்று இன்ஸ்பெக்டர் போட்ட கூச்சலுக்கு மைக்கே தேவைப்படவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு ஒருவன் ஓடி வந்து ஏறினான். தடுப்பு போலீஸ் பக்கமாக வளைந்துகொண்டிருந்தது. பஸ் உறுமியது, நின்றது, மறுபடி உறுமிப் பின்னால் போனது. தெரு தெரிந்தது.

தங்கை கையைத் திறந்தாள். வியர்வையில் நனைந்திருந்த ஃபியூஸைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டினாள். அந்த அவசரத்திலும் துடைத்தாள்! மைக்கை முதலில் தன் வாய்க்குத்தான் கொண்டுபோனாள்.

"அக்கா தங்கச்சிங்க எல்லாரும் கேளுங்க. முன்னால நிக்கறவங்க அசையாதீங்க. கடைசியில நிக்கறவங்க அப்படியே திரும்பி, வந்த வழியே நடங்க. நடுவுல இருக்கறவங்க இடது பக்கத் தெருவுக்குள்ள போங்க, தெரு திறந்திருக்கு. ஓடாதீங்க. பக்கத்துல நிக்கறவ கையப் புடிச்சுக்குங்க."

கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற குரலில், அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கூட்டம் முதலில் ஒன்றும் செய்யவில்லை. பிறகு பின்பக்கம் மெல்ல இளகியது. தடுப்பில் அழுந்தியிருந்தவர்களுக்கு முதுகுப் பக்கம் ஒரு கை அளவு இடம் கிடைத்தது. மயங்கியவளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஆஸ்பத்திரி வாசலுக்குள் போனார்கள்.

அதன் பிறகு சொன்னபடி மைக்கை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். அவர் கலைந்து போகும்படி சட்டப்படி அறிவித்தார். அதைக் கேட்கத் தெருவில் பாதிப் பேர்கூட இல்லை. லத்தி யார் மேலும் விழவில்லை. தலைவி மட்டும் ஜன்னலருகே வந்து, "ஒழுங்கா எங்கள வித்துட்டே" என்று சொல்லிவிட்டு மனுவை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் போய்விட்டது. வாசலில் ஒலிபெருக்கி ஒலித்தது உண்மை, அனுமதி நேரம் தாண்டியிருந்ததும் உண்மை. "போடச் சொன்னது நீங்கதானே?" என்று நான் கேட்டேன். இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கேஸ் கேஸ்தான்யா" என்றார். வண்டியை ஸ்டேஷன் முற்றத்தில் நிறுத்தச் சொன்னார்கள். தங்கை நிறுத்தினாள், கூம்புகளுக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினாள், ஃபியூஸைக் கழற்றிப் பணப்பையில் போட்டாள், சாவியைக் கொடுத்தாள்.

"ஃபியூஸையும் வச்சிட்டுப் போம்மா" என்றார் எழுத்தர்.

"அது வண்டியோட சேர்ந்ததில்ல சார், என்னோட சேர்ந்தது."

வண்டியை மீட்க ஜாமீன் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். ஒருவன் நான். இன்னொருவருக்கு எங்கே போவது என்று மறுநாள் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது தலைவி வந்தாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள். தங்கை அவளையே பார்த்தாள்.

"என்ன பாக்கறே? நான் திட்டினது திட்டினதுதான், வாபஸ் இல்ல. நீ அவன் கையில மைக்கக் குடுத்ததும் எனக்குப் புடிக்கல. ஆனா மயங்கி விழுந்தவ என் அண்ணன் மக. பேனாவக் குடு."

வண்டி வந்துவிட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது, வாய்தா வாய்தாவாக. மனுவுக்குப் பிறகு ஆலையின் பின்கதவு பகலில் திறந்திருக்கிறது. இரவு ஷிப்ட்டில் பூட்டிவிட்டார்களா என்று யாராவது போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். தங்கையிடம் இப்போது யார் வண்டி கேட்டு வந்தாலும் அனுமதித் தாளைப் பார்த்ததும் அவள் உடனே சரி என்று சொல்வதில்லை. தாளில் போட்டிருக்கும் பாதையை முந்தின நாளே ஒருமுறை நடந்து பார்க்கிறாள். எந்தெந்த இடத்தில் வெளியேறத் தெரு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் ஃபியூஸை மாட்டுகிறாள்.