ஆறு சாவிகள்

இன்று ஆனையூரில் ஒரு லேத் பட்டறையைத் தாண்டும்போது வந்த கூலண்ட் எண்ணெய் வாடை, கோரிப்பாளையத்தில் வீட்டை ஒட்டி அப்பா நடத்திய, இப்போது செல்போன் கடையாகிவிட்ட பட்டறைக்குள் என்னை எட்டு வயதுப் பெண்ணாக நிறுத்திவிட்டது. கூடப்பிறந்தவர் யாருமில்லாத எனக்கு அந்த ஆறு மெஷின்களின் இரைச்சல்தான் துணை. இரும்பைக் கடையும்போது நீலம் பாரித்து விழும் சுருள்களில் ஒன்றை ஆறவைத்து, முனையை மழுக்கி, "இந்தா பாப்பா, வளையல்" என்று தருவார் அங்கே வேலைபார்த்த சிக்கந்தர் அண்ணன்.

கடையக் கொடுத்த ஒரு ஷாஃப்டைக் கெடுத்துவிட்டார் என்று ஒருவரை அப்பா வேலையைவிட்டு நிறுத்த, அவரையும் சேர்த்து மெஷின் ஓட்டிய ஆறு பேரும், இரும்பை மெஷினில் இறுக்கும் சாவிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சாவியில்லாமல் மெஷின் ஓடாது. பத்து நாள் சத்தமே இல்லை.

பதினோராம் நாள் அப்பா இறங்கிவந்தார். "அவனும் வரட்டும், சிக்கந்தர்."

"நாங்க கேட்டது அம்புட்டுத்தேன், மொதலாளி."

ஆறு சாவிகளும் மேசைக்குத் திரும்பின. மெஷின்கள் இரைந்ததும் ஓடிப்போய் வளையலுக்காகக் கையை நீட்டினேன். அண்ணன் அப்பாவின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"கையக் கிழிச்சிரும். வீட்டுக்குள்ள போங்கம்மா."

அவர் காலடியில் சுருள்கள் விழுந்துகொண்டே இருந்தன.