காந்தத்தில் ஒட்டிய வெள்ளி டாலர்

இன்று மாலை பர் துபாயில், நான் வழக்கமாகப் போகும் பழைய நாணயக் கடையில் நின்றிருந்தேன்.

சிவகங்கைக்காரர் ஒருவர் வந்தார். வீட்டு டிரைவர். கையில் பழைய அமெரிக்க வெள்ளி டாலர். அவர் வேலை பார்க்கும் வீட்டு அமெரிக்க மேடம், ஊருக்கே திரும்பிப் போவதால் அன்பாகக் கொடுத்ததாம்.

கடைக்காரர் காந்தத்தை வைத்தார். நாணயம் ஒட்டிக்கொண்டது.

"வெள்ளி ஒட்டாது பாய். இது போலி."

டிரைவரைத் தேற்றலாமென்று அருகில் போனேன்.

அவர் என்னைப் பார்த்து, "பாவம்ணே, மேடத்தை யாரோ நல்லா ஏமாத்திருக்காங்க" என்றார். நாணயத்தைக் கைக்குட்டையில் பத்திரமாக முடிந்துகொண்டார். "நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன். கேட்டாங்கன்னா, அருமையான காசுன்னு சொல்லிடுவேன்."

நானாக இருந்தால் உண்மையைச் சொல்லி, அந்தம்மாவின் பயணத்தையே கெடுத்திருப்பேன்.

நீங்கள்?